செண்பகத்தாளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

நாற்காலி முதுகில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. போன வாரம் நன்னிலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் போர்த்தியது. அதன் ஓரத்தில், வேஷக்காரர்கள் முகத்தில் பூசும் முத்துவெள்ளை அப்பியிருக்கிறது. மேடையிலிருந்து வேஷத்தோடு இறங்கி வந்த பெண் என் காலைத் தொட்டு நிமிர்ந்தபோது அவள் கன்னம் பட்ட இடம் அது. துவைக்கப் போடலாம் என்று எடுத்த மருமகள் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, தேங்கெண்ணெயும் சுண்ணாம்பும் கலந்தாப்புல ஒரு வாடை?" என்றாள். வாங்கி முகர்ந்தேன். நீ வந்து நின்றுவிட்டாய்.

உன் முகத்துக்கு நான்தான் அதைக் குழைத்துப் பூசுவேன். என் முகத்துக்கு நீ. தையல்காரன் விரல் அல்லவா, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன நுனி கன்னத்தில் சுரசுரவென்று ஓடும். "ராஜா மூஞ்சிக்குப் பூசறதுக்குள்ள டப்பா தீந்துரும்போலருக்கே, எவ்வளவு பெரிய மூஞ்சிடா உனக்கு" என்பாய். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். யார் வந்து பார்த்தாலும் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்திரப்படுத்தவும் இல்லை. நாற்காலியில் அப்படியே கிடக்கிறது, நான் அதைப் பார்ப்பதும் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பதுமாக நாள் போகிறது. நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. இந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது. ஆனால் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் "செண்பகத்தாள்" நாடகத்தை மறுபடி போட்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டு, நடுவில் வசனம் என்று வருவதெல்லாம் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான். பஞ்ச காலம். ராஜாவின் களத்தில் சிந்திக் கிடந்த நெல்லை முந்தானையில் கூட்டி அள்ளிய குடியானவப் பெண் செண்பகத்தாளை, திருடி என்று சொல்லி ஆட்கள் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். சிந்தியது அவளுடைய கூலி நெல் என்று பிறகு தெரிகிறது. ராஜா கிரீடத்தைக் கழற்றி அவள் காலடியில் வைத்துக் கதறுகிறான். அப்போது சிவனும் பார்வதியும் வந்து அவளை எழுப்புகிறார்கள். எல்லோரும் வரிசையாக நின்று மங்களம் பாடுகிறார்கள். சனங்கள் எழுந்து நின்று கை கூப்புவார்கள். மங்களம் பாடாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பாதியில் பீடி குடிக்கப் போனவன்கூட மங்களத்துக்கு ஓடி வந்து நின்றுவிடுவான்.

நம் நாடக மன்றத்தில் பெண் வேஷம் போடப் பெண்கள் வராத காலம். நீ செண்பகத்தாள். நான் ராஜா. நீ பஜாரில் தையற்கடை, ஞாயிற்றுக்கிழமையானால் லுத்தரன் கோயிலில் பாடகர் குழு. நான் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர், வீட்டில் கொஞ்சம் நிலம், தோளில் கரை போட்ட துண்டு. கழக ஆட்சி வந்த புதிது. கடைப் பலகைகளெல்லாம் பெயர் மாறின, நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது, டீக்கடையில் பேசுகிறவன்கூட அடுக்குமொழியில்தான் பேசினான். நான் மட்டும் சும்மா இருப்பேனா? பழைய நாடகத்தைப் புதுக் காலத்துக்கு ஏற்ப மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

உன் கடையில்தான் அந்தச் சண்டை முழுவதும் நடந்தது. நீ மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாய், நான் எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்குவேன். டீ டம்ளரை மெஷின் பலகை ஓரத்தில் எங்கே வைத்தாலும் நீ எடுத்து நகர்த்தி வைக்கப் பழகினது அதற்கெல்லாம் பிற்பாடு. அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

"சாமி வந்து எழுப்புறதாம். பகுத்தறிவுள்ளவன் எவனாவது ஒத்துக்குவானா?" என்றேன்.

"எங்க வேதத்துலயும் செத்தவங்க எழுந்திருக்கிறாங்க. என்னையும் ஒத்துக்க மாட்டியா?"

"நீ வேற. அவளே எழுந்திருக்கட்டும். தானா எழுந்து, கையில கருக்கரிவாள எடுத்துக்கிட்டு ஒரு பாட்டுப் பாடட்டும். அதோட திரை. மங்களம் கிங்களம்லாம் வேண்டாம்."

நீ மெஷினை நிறுத்தினாய். "மங்களம் பாடாம சனத்த வீட்டுக்கு அனுப்பக் கூடாதுடா. பெரிய வெள்ளிக்கிழமையன்னிக்கு எங்க கோயில்ல பேசாமத்தான் கலைஞ்சு போவோம். ஆனா ஞாயித்துக்கெழம வரும்னு தெரிஞ்சுதான் போவோம். உன் நாடகத்துல ஞாயித்துக்கெழம எங்க இருக்கு?"

நான் குரலை உயர்த்தினேன். பதில் தெரியாதபோது அப்படித்தான் செய்வேன், உனக்கு அது தெரியும். கடைசியில் நீதான் விட்டுக்கொடுத்தாய். அரிவாள் பாட்டை நான் எழுதினேன். மெட்டு நீ போட்டாய். நல்ல மெட்டு. பாட்டில் விடியல், வெள்ளம், புயல், எரிமலை எல்லாம் இருந்தன. நன்னிலத்தில் எரிமலையை யார் பார்த்தார்கள் என்று நீ கேட்டாய், நான் ஒரு நாள் முழுக்க உன்னோடு பேசவில்லை.

அதற்குள் அறுப்பு வந்தது. அந்த வருஷத்து அறுப்பை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் நின்றுவிட்டார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். ஒரு களத்தில் அடிதடியாகி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூலிக்காரர்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பெண் தலையில் அடிபட்டுச் செத்துப் போனாள். பிணத்தை ஊருக்குள் கொண்டுவந்தால் ஊர்வலமாகிவிடும், ஊர்வலம் கலவரமாகிவிடும் என்று போலீஸ் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துப்போய் எங்கேயோ அடக்கம் பண்ணிவிட்டார்கள். பெற்றவள் முகம் பார்க்கவில்லை.

எங்கள் வயலிலும் அந்த வருஷம் வெளியூர் ஆட்கள்தான் அறுத்தார்கள். தோளில் கரை போட்ட துண்டு, சட்டைப் பையில் அரிவாள் பாட்டு, வயலில் வெளியூர் ஆள். நீ இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம்.

நாடகத்தை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், ஆனால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். அதனால்தான் ஊரில் யாரும் பார்த்திராத அதிசயமாக, மாசி மாதத்து மூன்று மணி வெயிலில், அறுத்துக் காய்ந்த வயலில் மேடை போட்டு நாடகம் நடந்தது. பட்டப்பகலில் முத்துவெள்ளை பூசிய முகங்கள் எப்படி இருந்தன என்கிறாய்! உன்னைப் பார்த்து ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. என் தங்கக் கிரீடம் வெறும் ஜிகினாக் காகிதம் என்பது கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

ஆனால் வெளிச்சம் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்று நாம் யோசிக்கவில்லை. எப்போதும் மேடை விளக்கில் கண் கூசும், எதிரே இருப்பது இருட்டு, அந்த இருட்டைப் பார்த்துப் பாடுவோம். அன்று முதல் தடவையாக முகங்கள் தெரிந்தன. முன்னால் நாற்காலியில் எங்கள் ஆட்கள். பக்கவாட்டில் வரப்போரம் தரையில் அந்தத் தெரு சனம். அதில் முன்வரிசையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன பெண்ணைப் பெற்றவள். வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முந்தானையில் நெல் அள்ளும் பாட்டை நீ பாடியபோது உன் குரல் எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியும். ராஜா சிம்மாசனத்தில் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்.

நீ அடிபட்டு விழுந்தாய். நான் கிரீடத்தைக் கழற்றி அழுதேன். பேரரசர் அழுகை, பெரிய ராகம், கைதட்டல்கூட வந்தது. சனங்கள் எழுந்து கை கூப்பி நின்றார்கள், சிவன் வரப்போகிறார் என்று. சிவன் வரப்போவதில்லை என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும். ஆர்மோனியக்காரர் அரிவாள் பாட்டுக்குச் சுருதி பிடித்தார். நீ எழ வேண்டும்.

அப்போது அந்த அம்மாள் எழுந்தாள்.

"யாரும் தூக்கிறாதிங்க," என்றாள். சத்தமாகக்கூட இல்லை. "பொறந்த வீட்டுக் கோடி இன்னும் போடல. நான் போய் எடுத்தாறேன்."

சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தாள். ஆற்றைக் கடந்து, தெருவுக்குப் போய், வீட்டுக்குள் போய்த் திரும்பி வர வேண்டும். செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுத்துணி போர்த்தாமல் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பிணம் கிடைக்கவில்லை, வாங்கி வைத்த துணி பெட்டியிலேயே இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் கூப்பிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள்.

நான் உன் காலடியில் குனிந்திருந்தேன். "எழுந்திருடா. பாட்டு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

உன் உதடு அசையவில்லை. "அவ வரட்டும்."

"கூட்டம் கலைஞ்சிரும்டா!"

"வரட்டும்."

வெயில் முகத்தில் அடித்தது. முத்துவெள்ளை உருகி உன் காதோரம் வழிந்தது. ஈ வந்து உட்கார்ந்தது, நீ கண்ணை இமைக்கவில்லை. எனக்கு முழங்கால் கடுத்தது. எனக்கு அந்த நேரத்தில் என்ன கவலை தெரியுமா? என் பாட்டு. சூரியன் இறங்குகிறதே, இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்லிவிடுவாரே, என் பாட்டு போய்விடுமே என்ற கவலை.

அவள் வந்தாள். சிவப்புக் கரை போட்ட கைத்தறிச் சேலை, மடிப்புக் கலையாதது. மேடை ஏறினாள். சிம்மாசனத்தை, சீன் திரையை, என்னை, எதையும் பார்க்கவில்லை. உன் மேல் காலிலிருந்து கழுத்து வரை போர்த்தினாள். ஓரத்தை இழுத்துச் சரி பண்ணினாள். பக்கத்தில் உட்கார்ந்து மகள் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். தெருப் பெண்கள் ஏறி வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டார்கள். பாட்டு நாடகம் என்று போட்டோமே, அன்று அந்த மேடையில் கேட்ட பாட்டு அதுதான். ஆர்மோனியம் தானாக அடங்கிப் போனது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே உன் கையைப் பிடித்தாள். "போதும் சாமி, எழுந்திரு. முதுகு வலிக்கும்."

நீ எழுந்தாய். மங்களம் இல்லை, அரிவாள் பாட்டும் இல்லை. சாவு வீட்டில் யாரும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அன்று நாற்காலிக்காரர்களும் தரைக்காரர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் கலைந்து போனார்கள்.

அதன் பிறகு நீ செண்பகத்தாள் வேஷம் போடவில்லை. மன்றமும் மெல்ல நின்றுபோனது. நாம் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசவும் இல்லை. நீ ஒரே ஒரு தடவை, ஏதோ சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் முடிவுக்குச் சண்ட போட்டோம். முடிவு அவகிட்டல்ல இருந்துருக்கு" என்றாய். நான் பேச்சை மாற்றினேன்.

இப்போது இந்தக் கதைக்கு வருகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் செல்வராசு என்ற தமிழாசிரியர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர், பழைய இசை நாடகங்களை மீட்டெடுப்பது என்று ஒரு குழு வைத்திருக்கிறார். "செண்பகத்தாள்" அச்சுப் புத்தகம் ஒன்று அவருக்கு எங்கோ கிடைத்திருக்கிறது, கடைசிப் பக்கங்கள் மட்டும் இல்லை.

"இப்பல்லாம் ஆளாளுக்குப் பழசுக்குப் புது முடிவு வச்சுக்கிறாங்கய்யா. பாட்ட வெட்டுறாங்க, மெட்ட மாத்துறாங்க. நாங்க ஒரு எழுத்தும் மாத்தப் போறதில்ல. நீங்க நடிச்சவங்க. உங்க கூட நடிச்சதுல இப்ப உங்களத் தவிர யாரும் இல்ல. கடைசியில என்ன நடக்கும்னு நீங்கதான் சொல்லணும்."

அவரோடு ஒருவர் வந்திருந்தார். நாடகச் செலவை ஏற்றுக்கொண்டவர், மண்டபத்தை இலவசமாகக் கொடுத்தவர், அரிசி மில் வைத்திருக்கிறார். அடிதடி நடந்த களம் அவர் குடும்பத்துக் களம். அப்போது அவர் தொட்டிலில் கிடந்த பிள்ளை, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மரியாதையான மனுஷர், வரும்போது என் சர்க்கரைக்குத் தோதாக இனிப்பில்லாத பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். "மங்களகரமா முடிஞ்சாச் சரிங்கய்யா" என்று சிரித்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிஸ்கட்டைப் பார்த்தேன். "சிவனும் பார்வதியும் வருவாங்க. எழுப்புவாங்க. மங்களம்," என்றேன்.

பொய் இல்லை பார். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பொய்யாக இருந்திருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. செல்வராசு கை கூப்பி நன்றி சொன்னார்.

செண்பகத்தாளாக நடித்தது கலைச்செல்வி என்ற பெண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒத்திகைக்கு என்னை அழைத்துப் போயிருந்தார்கள். பாட்டு உன் அளவுக்கு வராது, ஆனால் வேஷத்துக்குள் இறங்குகிறாள். இடைவேளையில் அவளிடம் மெல்ல விட்டுப் பார்த்தேன். "சாமி வந்து எழுப்புறதெல்லாம் இந்தக் காலத்துக்குச் சரியா வருமாம்மா? செத்தவ செத்தவளாவே கெடந்தா என்ன?"

அவள் தண்ணீர் பாட்டிலை மூடிவிட்டுச் சொன்னாள். "நான் தினம் சாவு பாக்கறவங்கய்யா. நம்ம ஆஸ்பத்திரியில படுத்த யாரும் எனக்காக எழுந்து ஒக்காந்ததில்ல. மேடையிலயாவது ஒருத்தி எழுந்திருக்கட்டுமே."

இதுவும் சரியாகத்தான் பட்டது. நான் உன்னோடு சண்டை போட்ட காலத்தில் இவள் பிறக்கவே இல்லை, ஆனால் உன் பக்கம் நின்று பேசுகிறாள். அப்போதாவது நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். மில்காரர் காபி கொண்டுவரச் சொல்லியிருந்தார், காபி வந்தது, குடித்தேன்.

நாடகத்தன்று முதலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது ஒரு தந்திரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோளில் துணி விழுந்துவிட்டால் அப்புறம் எதற்கும் தலையைத்தான் ஆட்ட முடியும். மைக்கில் என்னைப் பற்றி என்னென்னவோ சொன்னார்கள். "செண்பகத்தாளைக் கண்ணால் கண்ட கடைசி ராஜா" என்றார் செல்வராசு. ஆட்டினேன்.

நாடகம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் அநியாயம். பழைய மெட்டுகள் அப்படியே இருந்தன. குளிர்சாதன மண்டபம், கண் கூசும் விளக்கு, எதிரே பழைய மாதிரி இருட்டு. கலைச்செல்வி விழுந்தாள். சிவன் வந்தார். அவள் விரல் முதலில் அசைந்தது, அப்புறம் தலை, அப்புறம் கையை ஊன்றி எழுந்தாள், மண்டபமே ஒரு மூச்சு விட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது! மங்களம் ஆரம்பித்து எல்லோரும் எழுந்து கை கூப்பினார்கள். நான் மட்டும் எழவில்லை. எழ முடியவில்லை. கோடி போடாமல் எடுக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

மில்காரர் குனிந்தார். "மூட்டு வலிங்களாய்யா?"

"ஆமாங்க," என்றேன்.

ஊரே எழுந்து நிற்கும்போது ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் ஏதோ சொல்கிறான் என்று அர்த்தம். அதை மூட்டு வலி என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். பிறகு கலைச்செல்வி வந்து காலைத் தொட்டாள். "நல்லா எழுந்தனாங்கய்யா?" என்று கேட்டாள். "நல்லா எழுந்தம்மா" என்றேன். பொன்னாடையில் முத்துவெள்ளை ஒட்டியது.

மூன்றாம் நாள் நாடகப் போட்டோக்களைக் கொடுக்க அவள் என் வீட்டுக்கு வந்தாள். அடுத்து தஞ்சாவூரில் போடுகிறார்களாம். போட்டோவில் நான் உட்கார்ந்திருக்கிறேன், சுற்றிலும் எல்லோருடைய இடுப்பும் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெயில், கோடி, "அவ வரட்டும்", என் பாட்டு, பிஸ்கட், மூட்டு வலி வரைக்கும்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் போட்டோ கவரை மடித்து மடித்துப் பிரித்தாள். "செத்துப் போனவங்க பேரு என்னங்கய்யா?"

எனக்குத் தெரியவில்லை.

ராஜாவின் பாட்டு அத்தனையும் இன்றைக்கும் சொல்வேன். அன்று ஆர்மோனியம் எத்தனை கட்டைச் சுருதி என்று சொல்வேன். அந்தத் தாய் மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதுக்கு ஒரு முழம் தள்ளி, மகள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெயர் மனதில் நிற்கவில்லை.

கலைச்செல்வி எழுந்தாள். "தஞ்சாவூர்ல நான் எழுந்திருக்கணுமா படுத்திருக்கணுமான்னு வாத்தியார்ட்டயோ மில்காரர்ட்டயோ கேக்கப் போறதில்ல. அந்தத் தெருவுல போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. பேரையும் கேட்டுட்டு வாங்க," என்றாள். மருந்து எழுதிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள்.

நேற்று ஆட்டோ வைத்துக்கொண்டு போனேன். ஆற்றுப் பாலத்தில் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தத் தெருவுக்குள் இறங்கி நடந்தது இந்த வயதில் இதுதான் முதல் தடவை. காரை வீடுகள், டிஷ் ஆன்டெனா, வாசலில் மோட்டார் சைக்கிள். இன்னார் மகன் என்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். செத்துப் போனவளின் தங்கை இருக்கிறாள். என் வயது இருக்கும். பெற்றவள் எப்போதோ போய்விட்டாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். தடுமாறித் தடுமாறித்தான் சொன்னேன். "நாடகத்த திரும்பப் போடுறாங்கம்மா. கடைசியில அவ எழுந்திருக்கிறதா, அப்படியே கெடக்கிறதா? நீங்க சொல்றபடி செய்யச் சொல்றேன்."

அவளுக்கு நான் கேட்பது முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள், பல்லில்லாத சிரிப்பு.

"எழுந்திருக்கட்டுமேங்க. அதான் அப்பவே கோடி போட்டாச்சே. எங்கம்மா கையால போட்டாச்சு, ஊரே பாத்துச்சு. இனிமே எழுந்திருச்சா என்ன, ஆடுனா என்ன, பாடுனா என்ன? நல்லா எழுந்திருக்கட்டும்."

அவ்வளவுதான். உன் கடையில் இரண்டு மாதம் சண்டை போட்டோமே, அந்தச் சண்டை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முடிந்துபோனது. போர்த்த வேண்டியதைப் போர்த்திவிட்டால் எழுப்பலாம். நான் போர்த்தாமலே எழுப்பச் சொன்னவன்.

பிறகு அவளாகவே சொன்னாள். "அந்தச் சேலைய மறுநாளே கொண்டாந்து குடுத்தாருங்க உங்க தையக்காரரு. கோடிய யாராவது திருப்பி வாங்குவாங்களா? எங்கம்மா மாட்டேன்னுட்டாங்க. அவரு கடையில மெஷின் பலகை மேலயே மடிச்சு வச்சிருந்தாரு, கடைசி வரைக்கும். நாங்க ரவிக்கை தைக்கப் போவயில பாப்போம்."

மெஷின் பலகை ஓரத்தில், மேலே ஒரு பழுப்புத் துணி சுற்றி, மடித்து வைத்த ஒன்று. வெட்டுத்துணி மூட்டை என்று நினைத்தேன். என் டீ டம்ளர் போய் உட்காருகிற இடம். நீ ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து நகர்த்தி வைத்தாய். நான் அடுத்த நாளும் அங்கேயே வைத்தேன்.

கிளம்பும்போதுதான் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு. "உங்க அக்கா பேரு?"

"அக்கா பேரு தெரியாதுங்களா?" அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அவரக் கூப்புடுற பேருதாங்க. அன்னிக்கு எழுப்பினதுலேருந்து எங்கம்மா அவர அக்கா பேரச் சொல்லித்தான் கூப்புடும். அப்புறம் தெருவே அப்படித்தான். பாலத்துல அவரு சைக்கிள் வந்தா புள்ளைங்க 'காத்தாயி, காத்தாயி'ன்னு கத்தும். அவரும் 'என்னடா'ன்னு எறங்குவாரு. அவ்வளவு நாள் பழகுனீங்க, உங்ககிட்ட சொல்லலீங்களா?"

நீ சொல்லவில்லை. நான் கேட்டால்தானே சொல்வாய். உன்னோடு எத்தனை வருஷம் டீ குடித்தேன், உன் சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உனக்கு இன்னொரு பெயர் இருந்தது எனக்குத் தெரியாது.

கலைச்செல்விக்குப் போன் பண்ணி இரண்டையும் சொல்லிவிட்டேன். செல்வராசுவிடமும் சொல்லிவிட்டேன், மில்காரர் பக்கத்தில் இருக்கும்போதே. தஞ்சாவூரில் நாடகம் தொடங்கும் முன்னால் நான் மேடையேறி நடந்ததைச் சொல்ல வேண்டும், பெயரோடு. பொன்னாடை போர்த்துவதாக இருந்தால் நான் பேசி முடித்த பிறகு போர்த்தட்டும், அப்போதும் போர்த்த மனம் இருந்தால். மங்களத்துக்கு எழுந்து நிற்பேன். மூட்டு உண்மையாகவே வலிக்கிறது, ஆனாலும் நிற்பேன்.

வெட்கம் குறையவில்லை. எழுதினால் குறையும் என்று நினைத்தது தப்பு. அது என்னோடு இருக்கட்டும், அது இருக்கிற வரையில் பெயர் மறக்காது.

இந்தக் கடிதத்தை நேற்று ராத்திரி உன் பெயர் எழுதாமல்தான் ஆரம்பித்தேன். எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியவில்லை, உனக்கு ஞானஸ்நானத்தில் வைத்ததையா, கடைப் பலகையில் போட்டதையா என்று. இன்றைக்குக் காலையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, பொன்னாடையை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். நாக்குக்குப் பழக்கமில்லாததால் முதல் தடவை சரியாக வரவில்லை.

காத்தாயி.

என்னடா, என்று கேள்.